சுமை தாங்கும் சக்கரம்



சிரம்பானை அடுத்துள்ள செனாவாங் வட்டாரத்தில் விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் எத்தனை வகை வேன்கள் போகின்றன! சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வேன், தொழிற்பேட்டைக்கு ஆட்களை இறக்கும் வேன், கட்டட வேலைக்குச் சிமெண்டும் கருவிகளும் சுமக்கும் வேன், பள்ளிப் பிள்ளைகளின் வேன். அவற்றை ஓட்டுபவர்களில் பலர் தோட்டப்புறத்துப் பிள்ளைகள். அவர்களின் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் ஆலைகளாகவும் ஆகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரு வேன்தான் முதல் சொத்து. பிழைப்புக்கும் அதுவே ஆதாரம்.

அந்த வேனையும் அதன் சுமையையும் தாங்குவது எது? எஞ்சின் இழுக்கிறது, அவ்வளவுதான். தரையைத் தொட்டுக்கொண்டு பாரம் முழுவதையும் தாங்குபவை நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. நம் முன்னோர் சிந்திய வியர்வைக்கும் இந்த டயருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆகவே டயரின் வரலாற்றையும், அந்த வரலாறு சுமை வண்டி வைத்திருப்போருக்குக் கற்றுத் தரும் பாடத்தையும் இன்று பார்ப்போம்.

மோட்டார் வண்டி வருவதற்கு முன் மலாயாவில் பொருள்களைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். அவற்றை ஓட்டியவர்களில் தமிழர் பலர் இருந்தனர். அந்த வண்டிகளின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டியிருப்பார்கள். இரும்பு தேயாது, ஆனால் வளைந்து கொடுக்காது. பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி அப்படியே அச்சுக்கும், மாட்டின் கழுத்துக்கும், ஏற்றிய சரக்குக்கும் போய்ச் சேரும். சாலையும் கெடும். மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் சொன்னதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பது வண்டிக்காரருக்கு அன்றைக்கே தெரிந்த செய்தி.

இரும்புக்குப் பதில் ரப்பரைப் பூட்டலாமே என்ற எண்ணம் எழுந்தபோது ஒரு பெரிய தடை குறுக்கே நின்றது. பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் போகும். ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் அசையாமல், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் உறுதியான பொருளாவதைக் கண்டறிந்தார். 1844-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று டயர் ஆலைகளில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1845-இல், ஸ்காட்லாந்துக்காரராகிய ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் குதிரை வண்டிக் காலத்தில் அதை வாங்குவோர் இல்லை. உலகம் அதை மறந்தே போனது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் சாலையில் குலுங்குவதைப் பார்த்துக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்தினார். 1888-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தாம்சன் முந்திக்கொண்டது பிறகு தெரியவந்து அந்த உரிமை செல்லாமற்போனாலும், டயரை உலகெங்கும் பரவச் செய்த பெயர் டன்லப் என்றே நிலைத்துவிட்டது. 1895-இல் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டிக் காட்டினார்கள்.

இங்கே ஒரு பேருண்மையை மனத்தில் இருத்த வேண்டும். டயரில் சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதனுள் இருக்கும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் சுவர்கள். காற்று எவ்வளவு அதிகமோ, அழுத்தம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு சுமை தாங்கும். அழுத்தம் மிகும்போது சுவரும் அதற்குத் தக்க வலிமையோடு இருக்க வேண்டும். பார வண்டியின் டயருக்கும் சிறு காரின் டயருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது.

மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பருக்குப் பஞ்சம் ஏற்பட்டது. அந்தப் பஞ்சந்தான் நம் முன்னோரைக் கடல் தாண்டி அழைத்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றில் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று அவர் தோட்டக்காரர்களை நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் கிடைத்தது! 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்டார். காப்பி பயிரிட்டு நொந்திருந்த துரைமார்களும் ரப்பரின் பக்கம் திரும்பினார்கள்.

1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' காரை வெளியிட்டார். 1927-க்குள் ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர் வேண்டும். தேய்ந்தால் மீண்டும் வேண்டும். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காட்டை அழித்துத் தோட்டம் போட ஆள் தேவைப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலில் அழைத்துவந்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தாலும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள்.

டயர்க் கம்பெனிகளே தோட்டம் வாங்கியதும் உண்டு. டன்லப் நிறுவனம் 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. நம் நெகிரி செம்பிலானில் பகாவ் அருகே உள்ள கெடிஸ் தோட்டம் அந்த நிறுவனத்திடம் இருந்தது. 1920-களிலும் 1930-களிலும் டன்லப்பின் தலைவராக இருந்தவர் சர் எரிக் கெடிஸ் என்பவர். பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு சிறுவனின் சைக்கிளில் தொடங்கிய கதை, பகாவில் பெரட்டுக் களத்தில் விடியற்காலை நின்ற தமிழ்த் தொழிலாளியிடம் எப்படி வந்து சேர்ந்தது பார்த்தீர்களா? அவர் வெட்டிய பால் திராவகத்தில் உறைந்து, ஷீட்டாகிப் புகையில் காய்ந்து, கப்பலேறிப் போனது. டயராகத் திரும்பி வந்தபோது அதை வாங்கும் நிலையில் அவர் இல்லை.

டயரின் அருமையை உலகம் உணர்ந்த காலம் இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மேல்நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் நின்றது. இங்கே தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அங்கே அமெரிக்காவில் டயர் பங்கீட்டுப் பொருளாயிற்று. நாடு முழுவதும் வண்டிகள் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று 1942-இல் கட்டளை பிறந்தது. எதற்காக? டயர் தேயாமல் இருப்பதற்காக! வேகம் கூடினால் டயர் சூடாகும், சூடானால் விரைவில் கெடும். இந்தப் பாடத்தை ஒரு வல்லரசே சட்டமாகப் போட்டது. அந்த நெருக்கடியில்தான் செயற்கை ரப்பர்த் தொழிலும் அங்கே பெரிதாக வளர்ந்தது.

செயற்கை ரப்பர் வந்த பிறகும் மரத்து ரப்பருக்கு மதிப்புப் போய்விடவில்லை. திரும்பத் திரும்ப மடங்கி நிமிரும்போது அது அதிகம் சூடேறுவதில்லை, எளிதில் கிழிவதுமில்லை. எனவே சிறு கார் டயரைவிட லோரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு மிகுதி. விமான டயரிலும் அப்படியே. சுமை ஏற ஏற, பால்மரத்தின் தேவையும் ஏறுகிறது என்று சொல்லலாம்.

இனி டயரின் சுவருக்கு வருவோம். தொடக்க காலத்தில் பருத்தி நூல் அடுக்குகளை ரப்பருக்குள் பதித்தார்கள். நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு, எட்டு அடுக்கு என்று எண்ணினால் வலிமை தெரிந்துவிடும். பிறகு ரேயான், நைலான், எஃகுக் கம்பி என்று வலிய பொருள்கள் வந்தன. 1946-இல் மிஷெலின் நிறுவனம் 'ரேடியல்' டயருக்குக் காப்புரிமை பெற்றது. 1949-இல் அது விற்பனைக்கு வந்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். அவற்றின் மேல், தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே, எஃகு வார் சுற்றியிருக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு. ஒரே அச்சில் ஒரு பக்கம் பழைய வகையும் மறு பக்கம் ரேடியலும் பூட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதை ஒருநாளும் செய்யக் கூடாது.

இன்று கடைக்காரர் "எட்டு ப்ளை டயர்" என்று சொன்னால், உள்ளே எட்டு அடுக்குகள் இருக்கின்றன என்று பொருள் அன்று. பழைய பருத்தி அடுக்கு எட்டுக்கு நிகரான வலிமை என்பதே அதன் பொருள். டயரின் பக்கச் சுவரில் '8பிஆர்' என்று அது பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்தப் பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற இயலாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். '185ஆர்14சி 8பிஆர் 102/100' என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 'ஆர்' ரேடியல், 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் அளவு, 'சி' என்பது வாணிப வண்டிக்கு உரியது என்ற குறி. 102/100 என்பதே சுமைக் குறியீடு. 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். இரட்டைச் சக்கரமாகப் பூட்டினால் 100-ஐப் பார்க்க வேண்டும். அப்போது ஒன்றுக்கு 800 கிலோ.

இதே அகலத்தில், இதே 14 அங்குல ரிம்முக்கு, '185/70ஆர்14 88' என்ற சிறு கார் டயரும் கடையில் கிடைக்கும். விலை குறைவு, ரிம்மில் அழகாக உட்காரும். ஆனால் 88 என்ற குறியீட்டுக்கு 560 கிலோ மட்டுமே. பின் அச்சில் இரண்டு டயர் என்று கணக்கிட்டால், வேன் டயர்கள் 1,700 கிலோ தாங்கும். கார் டயர்கள் 1,120 கிலோதான் தாங்கும். சுமையில்லாத வேனின் பின் அச்சில் 600 கிலோ எடை இருப்பதாகவும், ஏற்றிய சரக்கில் 750 கிலோ பின்னால் விழுவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,350 கிலோ. வேன் டயருக்கு இது இயல்பான வேலை. கார் டயருக்கோ 230 கிலோ மிகை. கடையில் மிச்சப்படுத்திய சில பத்து வெள்ளி, புக்கிட் புத்துஸ் மலைச்சாலையின் இறக்கத்தில் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவுக்கு மேல் சுமை ஏறினாலும், காற்று குறைந்தாலும் டயருக்கு நேர்வது ஒன்றே. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகையாக மடங்குகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் மடங்கிய இடம் சுடுமே, அதுபோலத்தான். வேகமும் வெயிலும் சேர்ந்தால் சூடு மேலும் ஏறும். ரப்பரும் எஃகு வாரும் பிரியும், பிறகு வெடிக்கும். டயர் திடீரென்று வெடித்ததாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது பல நாளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

எனவே காற்றின் அளவு மிக முக்கியம். காருக்கு அடிக்கும் 210, 220 கிலோபாஸ்கல் காற்று பார வேனுக்குப் போதாது. மேலே சொன்ன 185ஆர்14சி டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 450 கிலோபாஸ்கல், அதாவது சதுர அங்குலத்துக்கு 65 ராத்தல் காற்று வேண்டும். உங்கள் வேனுக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ வண்டிக் கையேட்டிலோ போட்டிருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு.

டயர் எவ்வளவு வலியதானாலும் வண்டியின் எல்லை மாறாது. சரக்கு வண்டியின் பக்கத்தில் 'பெராட் டெங்ஙான் முவாத்தான்' என்று எழுதியிருப்பது சுமையோடு சேர்ந்த மொத்த எடை. வண்டியின் வெற்று எடையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதே நாம் ஏற்றக்கூடிய பாரம். ஓட்டுநரும் உடன் வரும் ஆட்களும் அந்தப் பாரத்தில் அடக்கம். நல்ல டயர் பூட்டிவிட்டோம் என்று கூடுதலாக ஏற்றினால், டயர் தாங்கும். பிரேக்கும் வில்லும் அச்சும் தாங்கா.

பழைய டயர் வாங்க நேரும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சில சொற்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். காற்றும் வெயிலும் பட்டு ரப்பர் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். பூ தேயாமலே முதுமை வந்துவிடும். பத்தாண்டு கடந்த டயர் வேண்டா என்பது பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அந்த டயர் சாலைக்கு ஆகாது. பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. நம் ஊர் மழையில் தேய்ந்த டயர் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன் மேலேயே வழுக்கிப் போகும். பக்கச் சுவரில் வீக்கமோ வெட்டோ இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 'தாயார் செலுப்' எனப்படும் மறுபூச்சு டயரை முறையான ஆலையில் செய்து சிரிம் முத்திரை பெற்றிருந்தால் மட்டுமே நம்பலாம். தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் கீறி விற்பவர்களிடம் ஏமாற வேண்டா.

வேன் சொந்தமில்லாமல் சம்பளத்துக்கு ஓட்டுபவர்களும், அத்தகைய வேனில் நாள்தோறும் வேலைக்குப் போகும் தாய்மார்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். டயர் வாங்குவது முதலாளியின் கடமை. ஆனால் வெடித்தால் உள்ளே இருப்பவர்கள் நாம். டயர் தேய்ந்திருக்கிறது, சுமைக் குறியீடு போதாது என்று எண்ணைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் தொழிலாளியை எளிதில் வாயடைக்க முடியாது. "பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட "850 கிலோ வேண்டிய இடத்தில் 560 கிலோ டயர் பூட்டியிருக்கிறது" என்று சொல்வதற்கு வலிமை அதிகம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பது இதற்காகவும்தான்.

ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் தந்த நாடு மலேசியா. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்தியது. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் ஆலையும் 2024-இல் மூடப்பட்டது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்றும் டயராகத்தான் மாறுகிறது. ஆனால் செனாவாங்கில் பிறக்கும் பிள்ளைகளில் பலர் பால் கத்தியைப் பார்த்ததுகூட இல்லை. பரவாயில்லை, தொழில் மாறலாம். வெட்டிக் கொடுத்த பால் எங்கே போனது, என்னவாயிற்று என்று அறியாமல் உழைத்த தலைமுறை போய்விட்டது. இந்தத் தலைமுறை டயரின் எழுத்தைப் படித்து, எடையைக் கணக்கிட்டு, தன் வண்டிக்குத் தக்கதைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அடுத்த முறை டயர் மாற்றும்போது, விலையைக் கேட்பதற்கு முன் சுமைக் குறியீட்டைக் கேளுங்கள்.